கை படாத கோ

முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

கோ-கோ ஆட்டத்தில் கட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு வேலை கிடையாது. விரட்டி வருகிறவள் பின்னாலிருந்து முதுகில் ஓர் அடி வைத்து, ‘கோ’ என்று கத்தவேண்டும். அப்புறம்தான் எழலாம், பாயலாம். அதற்கு முன்னால் அசைந்தால் ஃபவுல்.

பள்ளிக்கூடத்தில் பழகும்போது அந்த அடி சுளீரென்று விழும். கேப்டன் வினோதாவின் கை அப்படி. முதல் மாதம் முழுக்க முதுகு எரிந்தது.

எரியட்டும் என்றுதான் இருந்தாள். வகுப்பில் அவள் பெஞ்சு நுனியில் தனியாக உட்காருகிறவள். அவளை உரிமையோடு அடிக்கவும் ஒருத்தி இருந்தாள்.

அதில்தான் வளர்ந்தாள். குனிந்தே நடந்தவள் நிமிர்ந்து நடந்தாள். வாயைத் திறக்காதவள், “ஏய், இங்க குடுடி” என்று மைதானம் அதிரக் கத்தினாள்.

இன்று குறுவட்ட இறுதி ஆட்டம். வினோதாவின் ஊரில்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் வினோதாவின் அப்பா, பெரியப்பா, மாமன் மச்சான் எல்லோரும் வெள்ளையும் சொள்ளையுமாக நின்றார்கள். வீட்டுப் பெண் ஆடுகிறதாம். பெருமை.

இவள் காலனிப் பெண் என்பது அவர்களுக்குத் தெரியும். அதையெல்லாம் விசாரிக்காமல் ஆட்டம் பார்க்க வருகிற ஆட்கள் இல்லை அவர்கள்.

மற்றவர்கள் இவளுக்குக் கோ கொடுத்தார்கள். வினோதா கொடுக்கவில்லை. இவளைத் தாண்டி ஓடிப்போய் வேறொருத்திக்குக் கொடுத்தாள். அதற்குள் எதிரணி ஆள் தப்பித்தாகிவிட்டது.

முதல் தடவை, அவசரம் என்று நினைத்தாள்.

மறுபடியும் அதே நடந்தபோது கயிற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

கடைசி நிமிடம்.

இன்னும் ஓர் அவுட் கிடைத்தால் ஜெயம். மாவட்டப் போட்டி. அங்கேயும் நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம். பிளஸ் டூ வரை அங்கேயே படித்துவிடலாம். தாய்மாமனுக்குக் கட்டிவைக்கிற பேச்சை வீட்டில் அதுவரைக்குமாவது எடுக்கமாட்டார்கள்.

எதிரணிப் பெண் அவளுக்கு நேர் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் வந்து மாட்டிக்கொண்டாள்.

பின்னால் வினோதாவின் காலடி. இந்தத் தடவை தாண்டிப் போக முடியாது. கொடுத்தே ஆகவேண்டும்.

“கோ!”

காதில் விழுந்தது.

முதுகில் விழவில்லை.

உடம்பு அதையெல்லாம் பார்க்குமா. எழுந்தாள், பாய்ந்தாள், தோளைத் தொட்டுவிட்டாள். நேரம் முடிந்த விசிலும் ஊதியாகிவிட்டது. அவளுடைய அணி கட்டிப்பிடித்துக் குதித்தது.

எதிரணி வாத்தியார் ஓடிவந்தார்.

“கை படல சார். வாயில மட்டும்தான் கோ சொல்லுச்சு அந்தப் புள்ள.”

ரெஃப்ரி அந்தக் கோடியில் நின்றவர். அவருக்கும் சந்தேகம். வினோதாவைக் கூப்பிட்டு, தொட்டாயா என்று கேட்டார்.

வினோதா கயிற்றுப் பக்கம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். தொட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தொடவில்லை என்றும் சொல்லவில்லை. நல்ல பிள்ளை.

ரெஃப்ரி இவளிடம் வந்தார்.

“உன் முதுகுதானம்மா. நீ சொல்லு. பட்டுச்சா?”

“பட்டுச்சு சார், பட்டுச்சு சார்” என்று அணியே சொன்னது. பி.டி. டீச்சர் கண்ணாலேயே கெஞ்சினார்.

சொல்லிவிட்டால் முடிந்தது. ஹாஸ்டல் அவளுக்கு. பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தும் விட்டது.

வினோதாவின் அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். பட்டது என்று இவள் சொன்னால் வினோதாவுக்கு வீட்டில் என்ன கிடைக்கும் என்று இவளுக்குத் தெரியும். அதை நினைத்து இரக்கம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

“படல சார்.”

போதவில்லை. கயிறு வரைக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தரம் சொன்னாள்.

“அது என்னைத் தொடவே இல்ல சார்.”

கோப்பையை எதிரணிக்குக் கொடுத்தார்கள்.

“அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீடு” என்றாள் அணியில் ஒருத்தி. டீச்சர் முகம் கொடுக்கவில்லை. எல்லாம் இவளால் போயிற்று என்று பேசிக்கொண்டே பையை எடுத்தார்கள். தொடாதவளை ஒருத்தி ஒரு வார்த்தை கேட்கவேண்டுமே. கேட்கமாட்டார்கள்.

வேனுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள்.

வினோதா தேடிக்கொண்டு வந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. அங்கே வேறு யாருமில்லை. பக்கத்தில் வந்து இவள் முதுகில் கை வைத்தாள். மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

“கோவமாடி? நான் அதெல்லாம் பாக்கமாட்டேன்டி. உனக்கே தெரியும்ல.”

தெரியும். பழகிய கை. அப்படியே அவள் தோளில் சாய்ந்து, போனால் போகிறது என்று விட்டுவிடலாம் போலத்தான் இருந்தது.

சாயவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்கப்பா வர்றாரு” என்றாள்.

கை சட்டென்று விலகியது.

யாரும் வரவில்லை.