இரண்டாவது கியர்

எண்பத்து மூவாயிரத்து நானூற்றைம்பது. லாரி ஓட்டுகிற மேட்டுக்காரர் தர வேண்டிய ரிப்பேர் பாக்கி அது. மெக்கானிக்கின் மனைவி காலையில் தட்டை வைக்கும்போதே இந்தத் தொகையையும் சேர்த்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

“இன்னொரு வாட்டி அந்த ஆளுக்குக் கடனுக்கு வேலை பாத்தீங்க, ராத்திரி வீட்டுக்கு வர வேணாம். அந்த லாரிக்கு அடியிலயே படுத்துக்கங்க.”

அவள் சொன்னதில் தப்பில்லை. பட்டறைக்கு நாலு மாத வாடகை நிற்கிறது. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் கட்டடக்காரர் பூட்டுப் போட்டுவிடுவார். அப்புறம் இந்த வயதில், இந்த இடுப்போடு, அடுத்தவன் பட்டறையில் போய்க் கூலிக்கு நிற்க வேண்டியதுதான்.

யாரைப் பற்றிப் பேச்சோ அவருடைய லாரிச் சத்தமே தெருமுனையில் கேட்டது. சமதளமான ரோட்டில் இரண்டாவது கியரிலேயே கதறிக்கொண்டு வந்தது. கியர் பாக்ஸும் போச்சா என்று நினைத்தபோது, மெக்கானிக்குக் கையிலிருந்த ஸ்பானர் கனத்தது.

மேட்டுக்காரர் மெதுவாக இறங்கினார். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய லாரி அது. மலைமேல் குவாரிக்கு வேறு வண்டி ஏறாது. இருபது வருஷமாக அதுதான் அவருக்குச் சோறு போட்டது. டிரைவர் சீட்டில் கிடந்த மெத்தையை உருவிக்கொண்டு வந்து, கிரீஸ் படிந்த ஸ்டூல் மேல் போட்டு உட்கார்ந்தார். ஆள் லேசில் கிளம்ப மாட்டார் என்று தெரிந்துபோயிற்று.

“லோடு தினமும் இருக்கு தம்பி. டீசல்தான் எல்லாத்தையும் தின்னுடுது. இஞ்சினை வேற எதுலயாவது ஓட வைக்கலாம்னு பாக்குறேன். எது தேறும், சொல்லு.”

பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மெக்கானிக் அலுத்துக்கொண்டே சொன்னான்.

“கேஸ் போடலாம்ணே. ஆனா டீசல் இஞ்சின் பாருங்க, ஹெட்டைக் கழட்டி பிளக் வைக்கணும். பாதி இஞ்சினைப் புதுசா செய்யற மாதிரி.”

“எத்தனை நாள் அடியில படுத்துக் கிடக்கணும்?”

“ஒரு மாசமாவது ஆகும்.”

“உன் இடுப்பு தாங்காது. வேணாம், விடு.”

என் இடுப்பு மேல் என்ன திடீர்ப் பாசம் என்று மெக்கானிக் மனதுக்குள் முனகிக்கொண்டான்.

“பேட்டரின்னா இஞ்சினையே தூக்கிக் கடாசிட்டு மோட்டார் வைக்கணும். மேடெல்லாம் ஜம்முனு ஏறும். கிளட்சே கிடையாது. ஆனா அந்தக் காசுக்கு இதே மாதிரி ரெண்டு லாரி வாங்கிடலாம்.”

மேட்டுக்காரர் இடது முழங்காலைத் தடவிக்கொண்டார். “அந்தக் கொடுப்பினை நமக்கு ஏது? அடுத்தது சொல்லு.”

“சாப்பாட்டுக் கடையில பொரிச்சு மிஞ்சுற எண்ணெய். இது பழைய காலத்துப் பம்பு, எண்ணெயையும் குடிச்சுக்கும். தனியா ஒரு டேங்க், எண்ணெயைச் சூடாக்க ஒரு குழாய், அவ்வளவுதான். டீசல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் எண்ணெய்க்கு மாத்திக்கணும். நிறுத்தறதுக்கு முன்னாடி திரும்ப டீசல்.”

“எண்ணெய்க்கு எங்க போறது?”

“பின்னாடி சந்துலயே மூணு கடை இருக்கு. எவனாவது அள்ளிட்டுப் போனா போதும்னு இருக்கானுங்க. ஆனா நல்லா வடிகட்டணும். சோம்பேறித்தனம் பண்ணா நடுவழியில நின்னுடும்.”

“அப்ப இதுதான் தோது. பக்கத்துலயே கிடைக்குதே!”

யாருக்குப் பக்கம் என்று வாய்வரை வந்தது. சந்து பட்டறைக்குப் பின்னால் இருக்கிறது. இவர் வீடு மலைமேல் இருக்கிறது. ஆனால் கேட்டால் பேச்சு வளரும்.

“சரி, எப்ப ஆரம்பிக்கலாம்?” என்றார் மேட்டுக்காரர்.

மனைவியின் முகமும் கட்டடக்காரரின் பூட்டும் ஒன்றாகக் கண்முன் வந்தன. இத்தனை வருஷமாக வராத வார்த்தை அன்றைக்குத் தொண்டையைத் தாண்டி வந்தே விட்டது.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. கடனுக்கு இனிமே ஒரு போல்ட்டைக்கூடத் தொட மாட்டேன்.”

மேட்டுக்காரருக்குக் கோபம் வரவில்லை. “இதை நீ எப்பவோ சொல்லியிருக்கணும்யா” என்றார். எழுந்து, மெத்தையைத் தட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தார். லாரியைத் தாண்டி, பஸ் நிற்கிற பக்கமாக.

“அண்ணே! வண்டி இங்க நிக்குது, நீங்க எங்க போறீங்க?”

அவர் திரும்பி வந்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மெக்கானிக்கின் உள்ளங்கையில் வைத்து, கறுப்பேறிய அந்த விரல்களைத் தானே மடக்கிவிட்டார்.

“முட்டி போயிடுச்சு தம்பி. கிளட்சை மிதிச்சா உயிரே போகுது. வீட்டுல ரெண்டாவது கியர் போட்டது, இங்க வந்துதான் எடுத்தேன்.”

“பாவமாத்தான் இருக்கு. அதுக்காகத் திரும்பவும் கடனுக்கு...” என்று மெக்கானிக் இழுத்தான்.

“உன் பாக்கி இதோட சரியாப் போச்சு. லோடு ஓட்ட குவாரிக்காரன் உனக்கு முன்பணம்கூடத் தர்றேன்னுட்டான். உன் வண்டிய நீ மாத்திக்கிறதுக்கு, நான் எதுக்குய்யா கடன் சொல்லணும்?”