எழிலரசியின் கையெழுத்து

ரசாயன ஆலையில் வாயு கசிந்து எழிலரசி இறந்து நாற்பது நாளாகிறது. அலாரம் அடிக்காததற்குப் பழுதுதான் காரணம் என்று எழுதிக்கொடுத்தவன் அங்கே சூப்பர்வைசராக இருக்கும் அவள் அண்ணன் ராஜவேல்.

கடலூர் வீட்டில் அவள் ஓடவிட்ட கிரிப்டோ நோடை, அதாவது கிரிப்டோ நாணயப் பதிவுகளைக் காக்கும் கணினியை, அவள் கணவன் பூவரசன் நிறுத்தவில்லை. அது யாரையும் நம்பாது. வரும் பதிவின் கையெழுத்தைச் சரிபார்க்கும். சரியென்றால் ஒரு நகலை வைத்துக்கொண்டு மற்ற நோடுகளுக்கு அனுப்பும்.

இன்று காலை, சிதம்பரத்தில் அவள் அம்மா வீட்டிலிருந்த கணினியிலிருந்து ஒரு பதிவு வந்தது. அவளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியச் சாவியில் போட்ட டிஜிட்டல் கையெழுத்து. சரியாக இருந்தது. கூடவே ஒரு வரி: "அலாரத்தை நிறுத்தியது ராஜவேல்."

பூவரசன் அதைப் படமெடுத்து மச்சானுக்கு அனுப்பினான். பதினோரு மணிக்கு ராஜவேல் வந்து நின்றான்.

"அழிச்சிடு மாப்ள. அந்தக் கம்ப்யூட்டர நானே கொள்ளிடத்துல போட்டேன். எப்படி வருது?"

"தெரியல மச்சான். கையெழுத்து சரியான்னு மட்டுந்தான் இது பாக்கும்."

ராஜவேல் ஒயரைப் பிடுங்கினான். திரை இருண்டது.

"இங்க போச்சு. இன்னும் பல ஆயிரம் நோடுல இருக்கு. குந்துங்க, டீ போடறேன்."

பூவரசன் செல்போனில் வேறொரு நோடைத் திறந்து அவனிடம் நீட்டினான். புதிய பதிவு வந்திருந்தது. கையெழுத்து சரி. கூடவே ஒரு வரி:

"அன்னிக்கும் இப்படித்தாண்ணா ஒயர புடுங்குன."