வாயிலில் நாற்பது லாரிகள்

"நாற்பதும் வந்தாச்சா?" என்று கேட்டார் சுங்க அதிகாரி.

"வந்தாச்சு சார். எல்லாம் செங்கல் சூளை வண்டி, காலி," என்றார் எடைமேடைக்காரர்.

"தார்ப்பாயை இறுக்கிக் கட்டச் சொல்லுங்க. காலின்னு காத்துக்குக்கூடத் தெரியக் கூடாது."

கடலில்லாத அண்டை நாட்டுக்கு உலகத்தை அடைய இருபது ஆண்டுகளாக இந்த எல்லை வாயில் ஒன்றே வழியாக இருந்தது. அந்நாட்டு அரசு சற்றே முறைத்துக்கொண்டால் இங்கே சோதனை நத்தையாய் ஊரும். வெங்காயம் லாரியிலேயே முளைவிடும். மறுவாரம் பணிவான கடிதம் ஒன்று வந்து சேரும். அதன்பிறகே அதிகாரியின் கடைக்கண் மலரும், கதவும் திறக்கும்.

இப்போது வேறொரு நாட்டின் வழியே துறைமுகத்துக்குப் புதுச்சாலை வந்துவிட்டது. இங்கிருந்தும் சற்றுச் சுற்றிப்போனால் அதில் ஏறிவிடலாம். லாரிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. வாயில் இனியும் தேவைதானா என்று பார்க்கத் தலைநகரிலிருந்து செயலர் வருகிறார். மறுநாள் காலை அண்டை நாட்டில் அவருக்குப் பேச்சுவார்த்தை. போகிற வழியில் இந்தப் பார்வை. வாயில் மூடப்பட்டால் அதிகாரிக்குப் பழைய கோப்பறைதான் கதி.

அதனால்தான் இந்த இரவல் வரிசை. அதிலும் அதிகாரி ஒரு நுட்பம் செய்தார். நாள்கணக்கில் காத்திருப்பவன் வண்டியைப் பூட்டிவிட்டுப் போய்விடுவதுதான் இங்கே வழக்கம். ஆகவே ஓட்டுநர்கள் அனைவரையும் அவ்வாறே பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்.

பத்து மணிக்கு ஒரு நிஜ லாரி வந்தது. அந்த மாதத்துக்கே அதுதான் முதல் வண்டி. விதை உருளைக்கிழங்கு, இரண்டு நாளில் நட்டாக வேண்டும் என்று ஓட்டுநர் கெஞ்சினார். எடைமேடைக்காரர் அதிகாரியின் காதைக் கடித்தார்.

"சார், இதாவது அசல். ஓரமா விட்டுடலாமே."

"வரிசையைக் கலைச்சா நம்ம மரியாதை என்னாகிறது? கடைசியில நிக்கச் சொல்லுங்க. மூணு நாள் ஆகும்னும் சொல்லுங்க."

ஓட்டுநர் வண்டியைத் திருப்பிக்கொண்டு புதுச்சாலைக்குப் போய்விட்டார்.

பிற்பகலில் செயலர் வந்தார். வரிசையின் நீளத்தைக் கண்டதும் அவர் மார்பு விம்மியது.

"பாத்தீங்களா, நம்மள விட்டா அவங்களுக்கு வேற நாதி ஏது? புதுச்சாலையாம், பூச்சாண்டி. இதை நாளைக்கு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லப்போறேன்."

வாயில் தொடரலாம் என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்தும் இட்டார். அதிகாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

செயலர் காரில் ஏறினார். கார் நகரவில்லை. இருபுறமும் மதில், நடுவே இடைவெளியின்றி நாற்பது பூட்டிய லாரிகள். ஓட்டுநர் ஒருவர்கூட இல்லை.

"ஐயா, ஒரு மூணு மணி நேரம் கொடுங்க," என்று அதிகாரி வியர்க்க வியர்க்கக் குனிந்தார். "ஆளுங்களத் தேடிப் பிடிச்சுக் கொண்டாந்துடறேன்."

செயலர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தம் ஓட்டுநரின் தோளைத் தட்டினார்.

"திருப்புப்பா, புதுச்சாலையிலயே போயிடலாம். அந்தச் சாலை எதுக்கும் ஆகாதுன்னு சொல்றதுக்கு நேரத்தோட போய்ச் சேர வேணாமா?"