எதிர் டூட்டி

'முனிலட்சுமியோட ஒரே டூட்டி போட வேண்டாம்.'

யாருக்கு எந்த டூட்டி வேண்டுமென்று நர்சுகள் எழுதிவைக்கும் நோட்டில் இந்த வரியைப் படித்ததும் முனிலட்சுமிக்குத் திக்கென்றது. எழுதியிருந்தது ராசாத்தி!

பிரசவ லீவு முடிந்து கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குத் திரும்பி இரண்டு மாசம். லீவுக்கு முன்னால் இரண்டு பேருக்கும் ஒரே டூட்டி. அவளுடைய திருநெல்வேலிப் புளிக்குழம்பு, இவளுடைய ராகிக் களி, பாதிப் பாதி. இப்போதோ இவளுக்குத் தினமும் காலை, அவளுக்கு மதியம். ஹெட் நர்ஸ் ஜோதிமணியின் வேலைதான் என்று இவ்வளவு நாளும் அவரையல்லவா மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள்!

"நோட்டைப் பாத்துட்டியாக்கா?" கூட வேலை பார்க்கும் ஸ்வாதி சிரித்தாள். "பாப்பா கவுந்துச்சு, பாப்பா சிரிச்சுதுன்னு பொழுதுக்கும் சொன்னா, யாருக்குத்தான் காது வலிக்காது?"

மணி ஒன்றரை. இரண்டு மணி டூட்டிக்கு ராசாத்தி வழக்கம்போல அரை மணி முன்னதாகவே வந்து நின்றாள்.

"மூணாம் பெட்டுக்கு டிரிப்ஸ் எப்பப் போட்ட? பிரஷர் பாத்தாச்சா? சரி, கெளம்புட்டி."

"ரெண்டு வார்த்தை பேசக்கூட ஆவாதா உனக்கு?"

"நாளைக்குப் பேசலாம்ட்டி. போ, போ."

கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை. இரண்டு பத்து மத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வரைக்கும் அழுதாள் முனிலட்சுமி.

மறுநாள் நேராக ஜோதிமணியிடம் போனாள்.

"என்னையும் ராசாத்தியையும் ஒரே டூட்டி போடுங்க சிஸ்டர். ஒரு நாளாச்சும்."

அவர் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். "சரிம்மா. திங்கக்கிழமை போடறேன்."

திங்கட்கிழமை இவளுக்கு ஆண்கள் வார்டு, ராசாத்திக்கு அடுத்திருந்த பெண்கள் வார்டு. மதியம் ஒரே டப்பா. களியைப் பிட்டு வாயில் போட்டதும் ராசாத்திக்குக் கண் கலங்கிவிட்டது.

"எம்புட்டு நாளாச்சுட்டி!"

'அப்புறம் ஏன் அப்படி எழுதின?' நாக்கு நுனிவரை வந்ததை முனிலட்சுமி விழுங்கிக்கொண்டாள். இந்த ஒரு சாப்பாடாவது நல்லபடியாக முடியட்டும்.

மணி இரண்டு. அடுத்த டூட்டிக்கு வர வேண்டிய ரூபாவைக் காணோம். ஆள் வந்து பொறுப்பேற்காமல் வார்டை விட்டு நகரக் கூடாது. பக்கத்து வார்டுக்கும் யாரும் வரவில்லை. ராசாத்தி வாசலில் நின்று கடிகாரத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இரண்டு ஐம்பதுக்கு ஆடி அசைந்து வந்தாள் ரூபா.

"ஏன் இவ்ளோ நேரம்?"

"என்னக்கா புதுசாக் கேக்கற? எல்லாரும் எப்பவும் இந்நேரத்துக்குத்தான வர்றோம்?"

இரண்டு பத்து பஸ் போய்விட்டது. அடுத்தது நாலு மணிக்குத்தான். பால் கட்டி மார்பு வலித்தது, சட்டை நனைந்தது. வீட்டிலிருந்து மாமியார் போனில் கத்தினார்.

"புட்டிப்பாலைத் தொட மாட்டேங்குது புள்ள. அழுது அழுது தொண்டையே கட்டிப்போச்சு. எங்கம்மா இருக்கற?"

இந்த இரண்டு மாசத்தில் ஒரு நாள்கூட அவள் அந்தப் பஸ்ஸை விட்டதில்லை.

முனிலட்சுமி திரும்பிப் பார்த்தாள்.

"இதுக்குத்தாம்ட்டி..." என்று ஆரம்பித்த ராசாத்தி, முடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

முனிலட்சுமி நோட்டை எடுத்தாள். அந்த வரிக்குக் கீழே, கண்ணீர் விழாமல் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள்:

'ராசாத்தியோட ஒரே டூட்டி போட வேண்டாம்.'