வெட்டாத படம்

"அந்தம்மாவ மட்டும் வெட்டி எடுத்துடு பாரதி. குளமும் படியும் தெரிஞ்சா போதும்."

லாட்ஜ் முதலாளி உத்திராபதி இதைச் சொல்லும்போது கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

திரையில் நின்ற அந்தம்மா, பாரதிப்ரியாவைப் பெற்றவள்.

திருநள்ளாற்றுக் குளத்தில் முழுகுகிறவர்கள், சனி அதோடு தொலையட்டும் என்று உடுத்தியிருந்ததைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். வேட்டி, நைட்டி, பிள்ளைகளின் கால்சட்டை. பிறத்தியார் காலால்கூடத் தீண்டாத அந்த ஈரத்துணியை அம்மா அஞ்சுகம் பதினாறு வருஷமாக அள்ளிக் கரையேற்றுகிறாள்.

அந்தக் கூலியில்தான் மூத்தவள் உமாமகேஸ்வரியைப் பூவத்தில் கட்டிக்கொடுத்தாள். அந்தக் கூலியில்தான் விழிதியூரில் அவர்கள் தெருவுக்கு முதல் டிகிரி வந்தது. டிகிரிக்காரி இங்கே உட்கார்ந்திருக்கிறாள், ஏ.சி. இல்லாத ஒரு தடுப்புக்குள்.

நேற்றுக் காலை லாட்ஜ் கேமராவை எடுத்துக்கொண்டு போய் அவள்தான் படம் பிடித்தாள். தோளில் துணிக்குவியலோடு அம்மா படியேறிக்கொண்டிருந்தாள். நெற்றிக்கு நேரே கையைத் தூக்கியிருந்தாள், வெயிலுக்கு.

"ஏன் சார் வெட்டணும்?"

"சொன்னா செய்யேன். எல்லாத்துக்கும் ஒரு ஏன்."

"அவங்க அள்ளலன்னா ஒங்க படத்துல படி ஏது சார்? துணிதான் தெரியும்."

"ஒன் வாய்க்குப் பயந்துதாம்மா சனீஸ்வரனே அடுத்த ராசிக்கு ஓடுறாரு."

மெட்ராஸ் வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. அவர் கவுண்டருக்குப் போய்விட்டார்.

பாரதிக்குக் காது சுட்டது.

சனிப்பெயர்ச்சிக்கு இருபது நாள்தான் இருந்தது. முன்பெல்லாம் பஸ் ஸ்டாண்டில் புரோக்கரை நிறுத்தினால் அறை நிரம்பும். இப்போது வருகிறவர்கள் வீட்டிலிருந்தே நெட்டில் பார்த்து, விலை கேட்டு, எஸ்.எம்.எஸ். வாங்கிக்கொண்டுதான் வண்டி ஏறுகிறார்கள். வெப்சைட்டுக்கு ஒருவர், மெயிலுக்கு ஒருவர், எஸ்.எம்.எஸ்ஸுக்கு ஒருவர் என்று மூன்று பேரிடம் கெஞ்சி, மூன்றிலும் மூன்று விலை போய், போன பொங்கலுக்குப் பாதி அறை காலி. முதலாளியிடம் சண்டை போட்டு இந்தச் சாஃப்ட்வேரை வாங்க வைத்தவள் அவள். மூன்றும் ஒரே திரையில். ஒரு தரம் எழுதினால் போதும். ஒரே பொத்தான். பதினெட்டாயிரம் பேர்.

அந்தப் பதினெட்டாயிரம் பேரும் குளத்தைப் பார்க்கலாம், படியைப் பார்க்கலாம். அம்மாவைப் பார்க்கக் கூடாது.

ஓரத்தை வெட்டும் கருவியை எடுத்தாள். கோடு அம்மாவின் தோள்மேல் வந்து நின்றது. இன்னும் ஒரு விரற்கடை நகர்த்தினால் முகம் போய்விடும்.

வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது. உழைக்க வேண்டும், ஆனால் கண்ணில் படக் கூடாது. இவர்கள் அழகுக்கு இது ஒரு சட்டம்.

கோட்டை அழித்தாள். படத்தை இன்னும் பெரிதாக்கினாள். கீழே ஒரு வரியும் தட்டினாள்: 'நீங்கள் விட்டுச் செல்லும் துணியை அள்ளி, எங்கள் குளத்தைத் துப்புரவாக வைத்திருப்பவர், அஞ்சுகம்.'

அனுப்பினாள்.

அழுகை வந்தது. சந்தோஷமாகத்தான் வந்தது.

உத்திராபதி திரும்பி வந்து திரையைப் பார்த்தார். கத்தவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு சார். நாளையிலேர்ந்து வரவேணாம்னா வரல."

"அட போம்மா." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நேத்து சாயங்காலம் ஒங்கம்மா வந்துச்சு. பூவத்துச் சம்பந்தி வூட்டுல, இங்க சமையக்கட்டுல வேலை பாக்குறதாத்தான் சொல்லி வச்சிருக்காம். தோஷத்துணி அள்ளுற கைன்னு தெரிஞ்சா, வர்ற வெள்ளிக்கிழமை பெரியவ வளைகாப்புல ஒரு வளையல் போடவுடமாட்டாங்க, பொறக்கப்போற புள்ளயத் தூக்கவுடமாட்டாங்க, படத்துல எம்மூஞ்சி வேணாம்னு கையெடுத்துக் கும்புட்டுச்சு. ஒங்கிட்ட சொன்னா நீ பூவத்துக்கே சண்டைக்குப் போயிடுவியாம். சத்தியம் வாங்கிட்டுப் போச்சு."

பாரதி திரையின் பக்கம் திரும்பினாள்.

திருப்பி இழுக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடினாள். வெப்சைட்டிலிருந்து படத்தை எடுத்துவிட்டாள். எஸ்.எம்.எஸ்ஸில் படமோ அந்த வரியோ இல்லை. மெயிலுக்குத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பட்டியலைத் திறந்து ஊர் வாரியாகப் பிரித்தாள். பூவத்தில் ஒரே ஒரு பெயர். சுப்பையன், அக்காவின் மாமனார். கல்யாணத்தன்று அவர் நீட்டிய விசிட்டிங் கார்டைப் பார்த்து அவளே ஏற்றிய பெயர்.

யார் மெயிலைத் திறந்தார்கள், யார் படத்தைச் சொடுக்கினார்கள் என்று இந்தச் சாஃப்ட்வேர் நிமிஷக் கணக்காகச் சொல்லும். அதற்காகத்தான் இதை வாங்கச் சொன்னாள்.

மெயில் திறந்தது, பதினொன்று நாற்பது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது, இரண்டு தடவை.