உப்புக்கு முன் நல்ல தண்ணீர்

கடலில் இறங்குமுன் தலையில் நல்ல தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். வயிறு முட்டக் குடித்த முடி உப்பைக் குடிக்காது என்பது குன்வோரின் கட்சி. படகுத்துறை மரப்பாலத்தின் நுனியில், ஜூலை வெயிலில், தண்ணீர்ப் புட்டியும் சீப்புமாகக் காத்திருக்கிறாள். ஸ்டாக்ஹோமிலிருந்து ஒரு வருடம் கழித்து வந்திருக்கும் மகள் சிக்ரிட் தொப்பியைக் கழற்றுகிறாள். இடுப்பைத் தொட்ட பின்னல் இல்லை. ஒட்ட வெட்டிய தலை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" "சொன்னா விட்டிருப்பியா? சரி, ஊத்தும்மா," என்று முதுகைக் காட்டி உட்காருகிறாள். ஊற்றிய தண்ணீர் நிற்க இடமில்லாமல் வழிந்தோடுகிறது. சீப்புக்கும் இரண்டே இழுப்புதான் வேலை. அதன் பிறகும் குன்வோரின் விரல்கள் அந்த வெறும் முதுகில் இடுப்புவரை மெல்ல இறங்குகின்றன. "முடிஞ்சுதாம்மா?" "அசையாம இருடி. இன்னும் கொஞ்சம் இருக்கு."