சோளக்காட்டில் ஒரு விமானம்

அமெரிக்காவின் கான்சாஸில் ட்வைட் செய்து விற்பது, பழங்கால மாதிரிச் சிறு விமானங்களை வாங்குபவரே வீட்டில் பொருத்திச் சேர்த்துக்கொள்ளும்படியான பாகங்கள். மதியம் தொலைபேசி ஒலித்தது.

"போன வருஷம் உங்ககிட்ட விமானப் பாகங்க வாங்கின மெர்வினோட சம்சாரம் டார்லா பேசறேன். விமானம் சோளக்காட்டுல கிடக்கு. இடது இறக்கை போச்சு."

ட்வைட் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அந்த இறக்கை அவர் கையால் செய்தது.

"மெர்வின்... உயிரோட இருக்காரா?"

"அவருக்கென்ன, உள்ளே சமைச்சிட்டிருக்கார்."

"விழுந்த மனுஷனா சமைக்கிறார்?"

"அவர் ஏன் விழறார்? ஏணியில ஏறினாலே அவருக்குத் தலை சுத்தும். பாகங்களைப் பொருத்தினதும் நான்தான், ஓட்டினதும் நான்தான். பெட்ரோல் தீர்ந்துபோச்சு, என் தப்பு. காட்டுல பத்திரமா இறக்கிட்டேன், வேலியில இடிச்சுதான் இறக்கை உடைஞ்சுது. எனக்கு ஒரு கீறல் இல்ல."

ட்வைட் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"இன்னொரு இறக்கை வேணும். இந்தத் தடவை என் பேருக்கே அனுப்புங்க!"